முதல் கடி கணக்கில் இல்லை

எங்கள் வீட்டில் பாட்டு நின்றுபோனதற்குக் காரணம் என் அண்ணனின் வாய். வேறு யாரையும் குறை சொல்ல மாட்டேன். கூடப் பிறந்தவன் என்பதற்காகப் பூசி மெழுகவும் மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமின் அளவுக்குக் கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பார். முன்பக்கம் வந்து யாரிடமும் பேச வேண்டியதில்லை. அவருக்கு அதுதான் வசதி, ஏனென்றால் சின்ன வயதிலிருந்தே அவருக்குத் திக்கும். எல்லாச் சொல்லும் அல்ல. பேச ஆரம்பிக்கும்போது முதல் சொல்தான் மல்லுக்கு நிற்கும். அது வெளியே வந்துவிட்டால் மிச்சமெல்லாம் தடையில்லாமல் வரும். எதிரில் இருப்பவர் கொஞ்சம் பொறுத்தால் போதும். ஆனால் பொறுக்க யாருக்கு நேரம்? அவர் ‘க... க...’ என்று தொடங்குவதற்குள் ‘கடையா? கதவா? கரண்ட் பில்லா?’ என்று ஏலம் விட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஏலத்தில் முதல் ஆள் என் அண்ணன்தான்.

வேலை முடிந்து வந்தால் அவர் நேரே போவது சிடி பிளேயரிடம். கல்யாணமான புதிதில் வாங்கியது, விலை மலிவு, மூடியைத் தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வரும். ஒரு சிடியைப் போட்டுவிட்டுத் துணிகளை இஸ்திரி போட உட்காருவார். எனக்குப் பாட்டு ஞானம் பெரிதாகக் கிடையாது. ஆனால் பாட்டு ஓடினால் அவரும் கூடவே பாடுவார், பாடும்போது அவருக்குத் திக்கவே திக்காது. சமையலறையில் நின்று அந்தக் குரலைக் கேட்கத்தான் எனக்கு அந்த டப்பா வேண்டியிருந்தது.

என் அண்ணனோ பாட்டுக்கென்றே ஒரு அறை கட்டியவன். சுவரெல்லாம் பஞ்சு, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். அவன் தன் ஸ்பீக்கரை வர்ணிப்பதைக் கேட்டால் வீடு விற்க வந்த புரோக்கர் பேசுகிற மாதிரியே இருக்கும். ஆழம், அகலம், காற்றோட்டம், எல்லாம் வரும். அவனுடைய புதுப் பைத்தியம் கன்வெர்ட்டர். சிடியில் இருப்பது வெறும் எண்கள்தானாம். அந்த எண்களைச் சத்தமாக மாற்றும் வேலையை சிடி பிளேயரே செய்துவிடுகிறது. மலிவான பிளேயர் அதை மலிவாகத்தான் செய்யும், ஆகவே அதனிடமிருந்து எண்களை மட்டும் வாங்கி, வெளியே ஒரு நல்ல பெட்டியில் சத்தமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்சி. அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்.

ஒரு நாள் தன் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, உபரியாக இருந்த ஒரு கன்வெர்ட்டரோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. அதை எங்கள் பிளேயரோடு இணைத்தான். என் வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த சிடியைப் போட்டார். பாட்டு தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

“என்ன மாப்பிள்ளை, வித்தியாசம் தெரியுதா?” என்றான் அண்ணன்.

“மு... மு...”

“முழுமையா இருக்கா? முன்னாடி வந்து நிக்குதா?”

அவர் தலையை ஆட்டி மறுத்தார். முக்கி முனகி சொல் வந்தது. “முதல் சொல்லு முழுசா கேக்குது.”

“முதல் சொல்லா!” அண்ணன் தொடையைத் தட்டினான். “உங்களுக்கே முதல் சொல்லு வர மாட்டேங்குது, இதுல பாட்டுக்காரிக்கு வந்திருச்சா!”

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் சிரித்ததை மன்னித்தாலும் மன்னிப்பேன், அவரையும் சேர்ந்து சிரிக்க வைத்ததை மன்னிக்க மாட்டேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் பாட்டு இல்லை. இஸ்திரிப் பெட்டியின் சத்தம் மட்டும்தான். கேட்டால் தலைவலி என்றார், பிறகு சலிப்பாக இருக்கிறது என்றார். சில வாரம் போனதும் பரணிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கி, சிடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க ஆரம்பித்தார்.

“எ... எனக்குத்தான் காதில்லையே. உங்க அண்ணன்கிட்ட இருந்தா ஒழுங்கா வச்சுப்பாரு. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லியிருக்கேன்.”

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் கத்தினால் அவர் இன்னும் சுருங்குவார். ஆகவே என் தொழிலைக் கையில் எடுத்தேன்.

நான் பிஸ்கட் ஆலையில் ருசி பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கேட்பவர்களுக்கெல்லாம் சிரிப்பு வரும், ‘தின்கிறதுக்குச் சம்பளமா’ என்பார்கள். தின்பதல்ல வேலை, ஏமாறாமல் தின்பதுதான் வேலை. மாவையோ எண்ணெயையோ மாற்றினால் ருசி மாறியதா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். நிறம் தெரியக் கூடாதென்று அறையில் சிவப்பு பல்புதான் எரியும். மூன்று தட்டு வைப்பார்கள். இரண்டில் ஒரே பிஸ்கட், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடித்தால்தான் வித்தியாசம் உண்டு என்று அர்த்தம். ‘ஆஹா, என்ன மணம்’ என்கிற பேச்செல்லாம் அங்கே செல்லுபடியாகாது. என் அனுபவத்தில் பெரிய நாக்கு உள்ளவர்கள்தான் அங்கே முதலில் மண்ணைக் கவ்வுவார்கள். அண்ணனின் காதும் அந்த ரகம்தான், கன்வெர்ட்டரில் ஒரு மண்ணும் இல்லை என்று நான் தீர்மானமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் அண்ணியும் காரில் வந்து இறங்கினார்கள். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தேன்.

“என்ன நாத்தனாரே, நாடகமா?” என்றாள் அண்ணி.

“பரீட்சை அண்ணி. காதுள்ளவங்களுக்குத்தானே சிடி போகப் போகுது? காது இருக்கான்னு பாத்துட்டுக் குடுக்கறேன்.”

“பாரு பாரு, நல்லா பாரு. எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம். நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காதுல விழறதே இல்லை.”

அண்ணனிடம் விவரம் சொன்னேன். பிளேயரிலிருந்து ஒரு கம்பி நேரே, ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. இன்னொன்று, அன்றைக்கு அவன் விட்டுப்போன கன்வெர்ட்டர் வழியாகப் போகிறது. ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழைத் திருப்பினால் இதிலிருந்து அதற்கு மாறலாம். விரிப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே பாட்டை மூன்று தரம் போடுவேன். இரண்டு தரம் ஒரு வழி, ஒரு தரம் மற்ற வழி. எது வேறு என்று அவன் சொல்ல வேண்டும்.

“கண்டுபிடிச்சா?”

“சிடிப் பெட்டிய நானே தூக்கி உன் கார்ல வைக்கறேன். இல்லேன்னா எல்லாம் இங்கேயே இருக்கும். அப்புறம் நீ இந்த வீட்டுல ஆழம் அகலம்னு வாயே திறக்கக் கூடாது.”

“வே... வேண்டாம், விடு” என்றார் என் வீட்டுக்காரர், மூலை நாற்காலியிலிருந்து. நான் காதில் வாங்கவில்லை.

அண்ணன் கண்ணை மூடி, சாமி வந்தவன் மாதிரி உட்கார்ந்தான். நான் திரைக்குப் பின்னால் வேலையைத் தொடங்கினேன். குமிழ் திரும்பும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று வேண்டுமென்றே இரண்டு தரம் கூடத் திருப்பினேன். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் வால்யூம் இல்லாமல் ஓடவிட்டு, பாட்டு சூடு பிடித்த பிறகு வால்யூமை ஏற்றினேன். எல்லாம் ஆலையின் ஒழுங்கு.

“ரெண்டாவது” என்றான். சரி. அடுத்த பாட்டில் “முதல்” என்றான். அதுவும் சரி. அதற்கடுத்ததும் சரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஆழம்! அந்த ஆழத்தைச் சொன்னா உங்களுக்குப் புரியாது” என்று எழுந்தவன், ஒரு பெட்டியைத் தூக்கி வாசல் வரை கொண்டுபோய்விட்டான். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயைக் கொடுத்து நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. அவன் பதில் மிக வேகமாக வந்தது. ஆலையில் ஒரு முறை இப்படித்தான், எல்லாரும் ஒரே தட்டைக் காட்டி, ‘இதில் வெண்ணெய் தூக்கல்’ என்றார்கள். பிறகு பார்த்தால் வெண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தத் தட்டு அடுப்புப் பக்கம் இருந்ததால் கொஞ்சம் சூடாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். சூடானது எப்போதும் ஜெயிக்கும்.

போனில் சத்தத்தை அளக்கும் வசதியைத் திறந்து ஸ்பீக்கர் முன்னால் வைத்தேன். இந்த வழி, அந்த வழி என்று மாற்றிப் பார்த்தேன். கன்வெர்ட்டர் வழியே வந்தால் சத்தம் கொஞ்சம் அதிகம்.

“அண்ணே, பெட்டிய இறக்கி வை.”

“ஏன்?”

“நீ கண்டுபிடிச்சது ஆழம் இல்ல. சத்தம். அது கொஞ்சம் கூட வருது.”

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!”

“கழுதைன்னே வச்சுக்கோ. இந்தக் கழுதைக்கு அளக்கத் தெரியும்.”

வால்யூம் குமிழில் நகச்சாயத்தால் இரண்டு புள்ளி வைத்தேன், இந்த வழிக்கு இது, அந்த வழிக்கு அது. இப்போது போனில் இரண்டும் ஒரே அளவு காட்டின. மறுபடி ஆரம்பித்தோம். அண்ணன் நெற்றியைச் சுருக்கினான், தலையைச் சாய்த்தான், “இன்னொரு தடவை போடு” என்றான். தப்பு. அடுத்ததும் தப்பு. ஒன்று குருட்டாம்போக்கில் சரி, பிறகு மறுபடி தப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவன் விரிப்பு காற்றை மறைக்கிறது என்றான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஜெயித்த வேகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். என் வீட்டுக்காரரையும் இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவரும் தடவினார். ஒன்று சரி, மூன்று தப்பு.

“பாத்தியா! ரெண்டு பேருக்கும் தெரியலை. ரெண்டு வழியும் ஒண்ணுதான்! இந்தக் கன்வெர்ட்டர்ல ஒண்ணுமே இல்ல!” நான் விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். குதிக்காத குறைதான்.

அவர் முகத்தைப் பார்த்ததும் என் குதிப்பு அடங்கிவிட்டது.

“அ... அப்ப அன்னைக்கு நான் பொய் சொன்னேனா?” என்றார்.

நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. அண்ணனின் மூக்கை உடைக்கக் கிளம்பி, அவர் பேச்சையும் சேர்த்து உடைத்துவிட்டேன். அவருக்குச் சிடி போவதோ இருப்பதோ பெரிதல்ல. தான் கேட்டதாகச் சொன்னது உண்மையா, இல்லையா, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இல்லை என்று நானே நிரூபித்துக் காட்டியிருக்கிறேன்.

“ப... பந்தயம் உங்களோடது. சிடி என்னோடது” என்று அவரே எழுந்துபோய் வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கினார்.

“அட விடுங்க மாப்பிள்ளை” என்றான் அண்ணன். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர் வாசற்படியில் நின்றார். பெட்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார். “நீ... நீ ஏன் எல்லாப் பாட்டையும் நடுவுலேருந்து போட்ட?”

“முதல் கடி கணக்குல வராதுங்க. ஆலையில அப்படித்தான். வாய் பழகறதுக்காக முதல்ல ஒண்ணு தருவாங்க, அதைத் தின்னுட்டு மறந்துடணும். அடுத்ததுலேருந்துதான்...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. இத்தனை வருடப் பழக்கத்தில், பரீட்சை வைக்க வேண்டிய இடத்தை மட்டும் ஒவ்வொரு தரமும் ஒழுங்காக, மறக்காமல், சத்தமில்லாமல் ஓடவிட்டிருக்கிறேன்!

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! “அ... அந்த முதல் கடியத்தான் நான் சொன்னேன்.”

பெட்டியைக் கீழே வைத்தார். அதிலிருந்து ஒரு சிடியை எடுத்து என்னிடம் தந்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வாத்தியம் எதுவும் இல்லாமல், ஒரு பாடகியின் குரல் மட்டும் தனியாகத் தொடங்கும் பாட்டு அது. அந்தந்த வழிக்குரிய நகச்சாயப் புள்ளியில் வால்யூமை வைத்து, மூன்று தரமும் ஆரம்பத்திலிருந்தே போட்டேன்.

“மூ... மூணாவது.”

சரி. இன்னொரு தரம் மாற்றிப் போட்டேன். சரி. வேறு பாட்டு போட்டேன், சரி. வேறு சிடி போட்டேன், அதுவும் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். இருந்தாலும் தொழில் தொழில்தானே. ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். மூன்று தரமும் ஒரே வழியிலேயே போட்டேன்.

விரிப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவர் குரல். “எ... என்ன ஏமாத்தறியா? மூணும் ஒண்ணு.”

நான் கயிற்றோடு விரிப்பை இழுத்துக் கீழே போட்டுவிட்டேன். அண்ணி கைதட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் குரலில் இருந்த கொழுப்பெல்லாம் எங்கே போனதோ. “மாப்பிள்ளை, எங்க கேக்கணும்? காட்டுங்க.”

“பா... பாட்டுக்கு முன்னாடி. அவங்க மூச்சு இழுக்கறத கேளுங்க.”

முதலில் கன்வெர்ட்டர் வழியாகப் போட்டேன். ஒரு சின்ன மூச்சு. அதற்குப் பிறகு ‘வா’ என்று தொடங்கும் குரல். அடுத்து நேர்வழியில் போட்டேன். மூச்சு இல்லை. சொல்லின் தலையும் இல்லை. ‘ஆ’ என்று அந்தரத்தில் தொடங்கியது. எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு எனக்கே கேட்டது, பாட்டு என்றால் என்னவென்று தெரியாத எனக்கு! அண்ணன் மூன்று தரம் கேட்டுவிட்டு, “ஆமா” என்றான். அவன் வாயிலிருந்து வெறும் ‘ஆமா’ மட்டும் வந்து நான் கேட்டதே இல்லை.

“ஒ... ஒவ்வொரு பாட்டு தொடங்கறப்பவும் இந்த பிளேயர் வாய மூடிக்கிட்டிருக்கு” என்றார் என் வீட்டுக்காரர். “படார்னு சத்தம் வந்துடக் கூடாதுன்னு அப்படி வச்சிருப்பாங்கன்னு நெனைக்கறேன். அதைத் தொறக்கத் துளி லேட்டாகுது. எண்ணு போற கம்பியில அந்த மூடி இல்ல. அதான் கன்வெர்ட்டர்ல முழுசா வருது. மத்தபடி ஆழமும் இல்ல, அகலமும் இல்ல மச்சான். நடுப்பாட்டுல ரெண்டும் ஒண்ணுதான், அதை இவ சரியாத்தான் கண்டுபிடிச்சா. இத்தனை வருஷமா இந்தப் பாட்டு ‘ஆ’ன்னுதான் தொடங்குதுன்னு நெனச்சு, நானும் அப்படியேதான் பாடிட்டிருந்தேன்.”

அண்ணனுக்கு முன்னால் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். நடுவில் யாரும் ஏலம் விடவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டு ஆண்களும் தரையில் உட்கார்ந்து, கட்டின பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு சிடியாகப் போட்டு, தொடக்கத்தை மட்டும் கேட்டார்கள். ஒரு வழியில் ஒரு தரம், மற்ற வழியில் ஒரு தரம். எங்கே பாடகர் தொண்டையைக் கனைக்கிறார், எங்கே யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள், எங்கே வயலின்காரர் வில்லை வைக்கிறார். “மாப்பிள்ளை, இதுல பாருங்க!” என்று கத்துவது அண்ணன். “இ... இருங்க மச்சான், சத்தம் போடாதீங்க” என்று அதட்டுவது என் வீட்டுக்காரர். கேட்டு முடித்த சிடி பெட்டிக்குத் திரும்பவில்லை, அலமாரிக்குப் போனது. டீ ஆறிப் போய் அண்ணியும் நானும் இரண்டாவது தரம் போட்டோம். நடுவே அந்தப் பாடகியின் பாட்டு மறுபடி வந்தபோது அவர் கூடவே பாடினார். மூச்சை இழுத்து, ‘வா’ என்று, தலையோடு. சமையலறையில் நின்றுகொண்டிருந்த நான் டீத்தூள் டப்பாவை மூட மறந்துபோனேன்.

இருட்டுவதற்குள் பெட்டிகள் எல்லாம் காலி. அண்ணி கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஹாரன் அடித்தாள். அண்ணன் கிளம்பாமல் வாசலில் நெளிந்தான். கையில் அந்தப் பாடகியின் சிடி.

“மாப்பிள்ளை, கன்வெர்ட்டரை நீங்களே வச்சுக்குங்க. இந்த ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன். என் பிளேயர் எப்படி ஆரம்பிக்குதுன்னு பாத்துட்டு நாளைக்கே திருப்பிடறேன்.” அவன் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆள் உயர ஸ்பீக்கர் வைத்திருப்பவனுக்கு வரக் கூடாத பயம் அது.

என் வீட்டுக்காரர் சிடியை அவன் கையிலிருந்து மெல்ல உருவினார்.

“த...”

அண்ணன் வாயைத் திறந்தான். பிறகு அவனாகவே மூடிக்கொண்டான். அவரைப் பார்த்தபடி காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். காரில் அண்ணியும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“த... த... தர மாட்டேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்திருப்பேன்.